நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ட்யூஷன்_அக்கா (யாங்கோன்):

எல்லாருக்கும் வணக்கம். யாங்கோனில் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள், எட்டாவதிலிருந்து பத்தாவது வரை கலந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரிய வகுப்பில் அறிவியல் புத்தகம் இங்கிலீஷில், பள்ளியில் சயா (வாத்தியார்) விளக்குவது பர்மியத்தில், வீட்டில் ஆயாவோடு பேசுவது தமிழில். இந்த மூன்றுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

போன வாரம் ரத்தம், ரத்தக்குழாய், இதயம் பாடத்தை ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்த பாடம்தான். ஆனால் சொல்லித் தர உட்கார்ந்த பிறகுதான் எனக்குள்ளேயே எத்தனை ஓட்டை என்று தெரிந்தது. முதல் நாளே ஒரு பையன் சட்டைக் கையை மடக்கி, முன்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதைக் காட்டி, "சயாமா, இது நரம்புதானே? இதில் ரத்தம் ஓடினால் மூளையிலிருந்து செய்தி எந்த வழியாகப் போகும்? ரெண்டும் ஒரே குழாயிலா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அவன் கேட்டதில் தப்பே இல்லை. "நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினாங்க" என்று நாம்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடுத்து ஒரு பெண் பிள்ளை: "தாத்தா ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லையே."

அப்புறம் வந்தது பெரிய வம்பு. "தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்" என்று நான் சின்ன வயதில் படித்தபடியே பலகையில் எழுதிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து நானே வரைந்த படத்தில், நுரையீரலுக்குப் போகிற தமனி, கெட்ட ரத்தத்துக்குப் போட்ட நீல நிறத்தில் வந்து நிற்கிறது. "அது மட்டும் விதிவிலக்கு" என்று சொல்லித் தப்பித்தேன். பிள்ளைகள் மறுபேச்சு இல்லாமல் எழுதிக்கொண்டார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாததால் வீடியோ போட்டுக் காட்டும் யோசனையே வேண்டாம். லேப் கிடையாது. கையில் இருப்பதை வைத்து இந்தப் பாடத்தை யாராவது உருப்படியாக நடத்தியிருந்தால் சொல்லுங்கள்.


மௌலமைன்_வாத்தியார்:

தங்கச்சி, முதலில் அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடு. முப்பது வருஷம் பாடம் நடத்தியதில் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவன் ஒருத்தனோ ரெண்டு பேரோதான். மற்றவர்கள் எல்லாம் குழப்பத்தோடு பரீட்சை எழுதிப் பாஸாகிப் போய்விட்டார்கள்.

இது பிள்ளைகளின் குற்றம் இல்லை, சொல்லின் குற்றம். தமிழில் பேச்சுவழக்கில் நரம்பு என்றால் ரத்தக்குழாய், நிஜமான நரம்பு, தசையை எலும்போடு கட்டுகிற நாண் எல்லாமே அடங்கும். பர்மியத்திலும் அதே கூத்து. அச்சோ என்ற ஒரே சொல்தான் மூன்றுக்கும். (தமிழ்க் காதுக்கு அது யாரையோ பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி விழும், வகுப்பில் சொன்னால் ஒரு சிரிப்பு நிச்சயம்.) ஆக உன் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியும் உதவாது, தெரு மொழியும் உதவாது. பாடத்தைத் தொடங்குமுன் ஒரு அரை மணி நேரம் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டிவிடு. கையை விரித்து விரல்களை மேலே தூக்கச் சொல். புறங்கையில் விசிறி மாதிரி விறைத்து நிற்பது நாண். அதன் மேலே நெளிந்து வளைந்து போகிற பச்சைக் கோடு ரத்தக்குழாய். முழங்கை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று ஓடுமே, அதுதான் நரம்பு, அது கண்ணுக்குத் தெரியாது. மூன்றும் ஒரே கையில் இருக்கிறது, செலவு இல்லை.

இப்போது நல்ல ரத்தம் கெட்ட ரத்தம் விஷயம். அதைத் தயவுசெய்து பலகையிலிருந்து அழித்துவிடு. சிரையில் வருவது கெட்டுப்போன ரத்தம் இல்லை, ஆக்சிஜனில் ஒரு பகுதியை இறக்கிவிட்டு வருகிற ரத்தம், அவ்வளவுதான். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது திரும்பி வருகிற ரத்தத்தில்கூட முக்கால்வாசி ஆக்சிஜன் இன்னும் மிச்சம் இருக்கும். நிறமும் நீலம் இல்லை, கருஞ்சிவப்பு. ரத்த தானம் கொடுத்த யாரையாவது கேள், பையில் இறங்குவது சிரை ரத்தம்தான், யாரும் நீலமாகப் பார்த்தது கிடையாது.

இதில் பர்மியப் பாடச்சொல் நமக்குப் பெரிய உதவி. தமனிக்கு அவர்கள் சொல்வது துவே-லுத்-ச்சோ, சிரைக்கு துவே-ப்யன்-ஜோ. உன் பிள்ளைகள் எல்லாருக்கும் லுத் என்றால் அனுப்பிவிடுவது, ப்யன் என்றால் திரும்புவது என்று தெரியும். இதயத்திலிருந்து ரத்தத்தை அனுப்பிவிடுகிற குழாய், இதயத்துக்குத் திரும்புகிற குழாய். அந்தச் சொல்லுக்குள் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. இப்படிச் சொன்னால் நுரையீரல் தமனி விதிவிலக்கே ஆகாது. இதயத்திலிருந்து கிளம்புகிறது, அதனால் தமனி. முடிந்தது. நான் தமிழில் 'போகுங்குழாய், திரும்புங்குழாய்' என்று எழுதிப்போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் தமனி, சிரை என்று அடைப்புப் போட்டுக் கொடுப்பேன். பிள்ளைகள் இணையத்தில் தேடுவார்கள் என்றால் இன்னொன்றும் சொல்லிவை, இலங்கைப் புத்தகங்களில் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் எழுதுவார்கள், வேறு ஏதோ உறுப்பு என்று பயந்துவிடப் போகிறார்கள்.

கொதிப்பும் அப்படித்தான். தமிழில் ரத்தம் கொதிக்கிறது, பர்மியத்தில் துவே-தோ, அதாவது ரத்தம் ஏறிவிடுகிறது. ரெண்டிலும் அழுத்தம் என்ற பேச்சே இல்லை. என்னிடம் படித்த ஒருத்தியின் அம்மா, ரத்தம் கூடிவிட்டது என்று பயந்து முருங்கைக்கீரையை நிறுத்தியே விட்டார். குழாய்ச் சுவரை ரத்தம் தள்ளுகிற தள்ளல்தான் அது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், சூடு பற்றிய கேள்வி வராது.

நேரம் இருந்தால், ரத்தம் உடம்பில் சுற்றிவருகிறது என்று காட்டிய இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி செய்ததையும் செய்து காட்டு. ஒல்லியான, வேலை செய்கிற கை வேண்டும். நான் பள்ளி வாசலில் நிற்கிற சைக்காக்காரரை (சைக்கிள் ரிக்‌ஷாக்காரரை) கூப்பிட்டுக்கொள்வேன், அவர் முன்கையில் ஒவ்வொன்றும் கயிறு மாதிரி இருக்கும். முழங்கைக்கு மேலே ஒரு துணியை லேசாகக் கட்டு. புடைத்த சிரையில் கீழே ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளிவிட்டு அந்த விரலை எடுத்துவிடு. நடுவில் காலியான இடம் காலியாகவே கிடக்கும், மேலே போன ரத்தம் திரும்பி இறங்காது. உள்ளே கதவு இருக்கிறது. இப்போது கீழே வைத்த விரலை எடு, சட்டென்று கீழிருந்து நிரம்பும். 1628-ல் ஹார்வி தன் நூலில் போட்ட படமே இதுதான். அவர் போட்ட கணக்கும் அழகு: ஒரு துடிப்புக்கு எவ்வளவு கொஞ்சமாக ரத்தம் வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தத்தைவிட அதிகமாகிவிடுகிறது. அவ்வளவு ரத்தத்தையும் சாப்பாட்டிலிருந்து புதிதாகச் செய்ய முடியாது, அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். தமனியிலிருந்து சிரைக்கு எப்படித் தாண்டுகிறது என்பதை மட்டும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. நடுவில் ரெண்டையும் இணைக்கிற அந்த மெல்லிய நுண்குழாய்களை, அதாவது தந்துகிகளை, 1661-ல் மால்பீகி தவளையின் நுரையீரலில் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தார், ஹார்வி அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.


மோட்டார்_ரிப்பேர்:

நான் வாத்தியார் இல்லை, தண்ணி மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். என் பையன் ஒன்பதாவது, அவனுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

நம்ம ஆறு மாடி, ஏழு மாடிக் கட்டடத்தில் மேல்மாடிக்காரர் வைத்திருக்கிற மோட்டாரும், கீழ்வீட்டுக்காரர் வைத்திருக்கிற மோட்டாரும் ஒன்றா? கீழ்வீட்டுக்குச் சின்னது போதும். மேல்மாடிக்கு நல்ல இழுவை வேண்டும். இதயம் ரெண்டு மோட்டாரை ஒட்டவைத்தது. வலப்பக்கத்து மோட்டார் பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளுகிறது, இடப்பக்கத்தது தலை உச்சியிலிருந்து கால் விரல் வரை தள்ளுகிறது. அதனால் இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) சுவர் தடியாக இருக்கிறது. இதைச் சொன்னதும் பையன் "அப்போ வால்வு, ஃபுட் வால்வு மாதிரியா?" என்று அவனே கேட்டான். ஆமாம், குழாய் அடியில் தண்ணியைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கிற அந்த ஃபுட் வால்வு போய்விட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், மேலே சொட்டுக்கூட ஏறாது. வால்வு கெட்டுப்போன இதயமும் அப்படித்தானே, அடித்துக்கொள்ளும், ஆனால் வேலை பாதி வீண்.

இன்னொன்று, கணக்கு. உட்கார்ந்திருக்கும் பெரிய ஆளுக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தள்ளுகிறது என்று பையன் புத்தகத்தில் பார்த்தேன். நாள் முழுவதும் கணக்குப் போட்டால் 7200 லிட்டர். குடிக்க வாங்குகிற 20 லிட்டர் தண்ணிப் புட்டி கணக்கில் 360 புட்டி. எங்கள் வீட்டில் ரெண்டு மாடி ஏற்றுவதற்கே பையன் முனகுவான். அந்த வேலையைச் செய்கிற சாமான் கால் வீசைகூட இல்லை என்றதும் கொஞ்ச நேரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.


இன்னும்_படிக்கிறேன்:

நான் இப்போது பதினொன்றாவது. மாணவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் சயா. போகுங்குழாய், திரும்புங்குழாய் எல்லாம் புரிவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பரீட்சைத் தாளில் ஆர்ட்டரி, வெயின் என்று இங்கிலீஷில் எழுதினால்தான் மார்க். கடைசியில் அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணவையுங்கள் அக்கா, இல்லாவிட்டால் புரிந்தும் மார்க் இல்லாமல் நிற்போம், அது எனக்கு நடந்தது.

இடது வலது குழப்பத்துக்கு எங்கள் வகுப்பில் ஒருத்தன் செய்தது: இதயப் படத்தை ஒரு தாளில் வரைந்து சட்டையில் குத்திக்கொண்டு எங்களுக்கு எதிரே நின்றான். அவன் இடக்கைப் பக்கம் இருப்பதுதான் இடது. படம் எப்போதும் எதிரே நிற்கிற ஆளுடையது, நம்முடையது இல்லை. அன்றைக்குப் பிறகு நான் மாற்றி எழுதியதே இல்லை.

மண்டபத்தில் எல்லாருக்கும் விரலைக் குத்தி ரத்த குரூப் பார்த்தால் ஜாலியாக இருக்கும். மருந்துக் கடையில் சாமான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.


தகேட்டா_அம்மா:

பேசினது போதும், ஒரு ஆட்டு இதயம் வாங்குங்கள். நான் பள்ளியில் வேலை பார்த்தபோது வருஷா வருஷம் செய்திருக்கிறேன். பன்றி இதயம்தான் நம் இதயத்தின் அளவுக்கு ரொம்பப் பக்கம், சந்தையில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அது வேண்டாம். மாட்டு இதயம் நம் வீடுகளில் பலருக்கு ஆகாது. ஆட்டோடு நின்றுவிடுங்கள், சண்டை இல்லை. விரதம் இருக்கிற பிள்ளை, சைவப் பிள்ளை இருந்தால் முன்கூட்டியே கேட்டு, வேண்டாம் என்றால் நோட்டில் வரைகிற வேலை கொடுத்துவிடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்.

முக்கியமான விஷயம், கறிக்கடை பாயிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சாதாரணமாக அவர்கள் மேலே இருக்கிற குழாய்களைச் சுத்தமாக அறுத்து எறிந்துவிட்டு, உள்ளே ரத்தம் போக ஒரு கீறலும் போட்டுத்தான் தருவார்கள். கறிக்கு அது சரி, பாடத்துக்கு உதவாது. "குழாயோடு வேண்டும், கத்தி படக்கூடாது" என்று சொல்லி, ரெண்டு வாங்குங்கள். ஒன்று எப்படியும் கிழிந்திருக்கும்.

வெட்டுவதற்கு முன்னால் கையில் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு பக்கமும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தொளதொளவென்று அமுங்கும், இன்னொரு பக்கம் உருண்டையாகக் கெட்டியாக இருக்கும். கெட்டி இடது. மேலே மோட்டார்த் தம்பி சொன்னது இங்கே விரலிலேயே தெரிந்துவிடும். அடுத்து குழாய்களைப் பாருங்கள். பெருந்தமனி வெள்ளையாக, ரப்பர் மாதிரி, யாரும் பிடிக்காமலே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சிரை ஈரத்துணி மாதிரி மடங்கிக் கிடக்கும், அதன் வாயைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமனிச் சுவர் தடிப்பு, சிரைச் சுவர் மெலிது என்று ரெண்டு வரி எழுதவைப்பதை இதற்குப் பிறகு செய்யுங்கள், அவர்களே எழுதுவார்கள்.

பெருந்தமனி வழியாக மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கிழியாத இதயமாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் அங்கேயே தேங்கி நிற்கும். எட்டிப் பார்த்தால் மூன்று சின்னப் பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மூடியிருப்பது தெரியும், அரைநிலா வால்வு. ஒரு தடவை எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்ததில் ஒரு பிள்ளையின் கண்ணாடி உள்ளே விழுந்தது, அது வேறு கதை. அந்த வால்வுக்குக் கொஞ்சம் மேலே ரெண்டு சின்னத் துளை இருக்கும். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற கரோனரி தமனிகள் அங்கேதான் கிளம்புகின்றன. உள்ளே அவ்வளவு ரத்தம் ததும்பினாலும் இதயத்தின் தசை அதிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதில்லை, வெளியே சுற்றிவருகிற இந்தக் குழாய் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. மாரடைப்பு என்றால் என்ன என்பதை அந்தத் துளையில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகிக் காட்டினாலே போதும்.

பிறகு கெட்டிப் பக்கத்தை நுனி வரை நீளமாக வெட்டித் திறந்தால் வெள்ளை நூல்கள் தெரியும், ஈரிதழ் வால்வைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிற நாண்கள். குடை கம்பி மாதிரி. இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், லேசில் அறுகாது. காற்றில் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொள்ளுமே, அப்படி வால்வு பின்பக்கம் திரும்பாமல் இந்த நூல்தான் தடுக்கிறது. லப் டப் என்பதில் முதல் சத்தம் இந்த வால்வும் வலப்பக்கத்து மூவிதழ் வால்வும் மூடுவதால், ரெண்டாவது அரைநிலா வால்வுகள் மூடுவதால். தாளைச் சுருட்டி ஒருவர் நெஞ்சில் வைத்து இன்னொருவர் கேட்கலாம், 1816-ல் பாரிஸில் லாயனெக் என்ற டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்ததே இப்படித் தாளைச் சுருட்டித்தான்.

பிளேடு நீங்கள் மட்டும் பிடியுங்கள். கையுறை, சோப்பு, பழைய செய்தித்தாள். முடிந்ததும் பூனைக்குப் போடுங்கள். குழம்பு வைக்கலாமா என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், பத்து பேர் தொட்டதை வைக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள்.


பெகு_லேப்_அக்கா:

இன்னும்_படிக்கிறேன் தம்பி, விரல் குத்துகிற யோசனை வேண்டவே வேண்டாம். ஒரே ஊசியை ரெண்டு பேருக்குப் பயன்படுத்த ஒரு நிமிட மறதி போதும், ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் அந்த வழியில்தான் போகும். ஊசி புதிதாகவே இருந்தாலும் குத்திய பஞ்சையும் ஊசியையும் எங்கே போடுவது? கோயில் மண்டபக் குப்பையிலா? நான் தினமும் ரத்தம் எடுக்கிறவள், எங்களுக்கே இதில் பயம் உண்டு.

மோட்டார் அண்ணன் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் அது இடிக்கும், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள் அக்கா. மேல்மாடி மோட்டாரும் கீழ்வீட்டு மோட்டாரும் வேறு வேறு அளவு தண்ணீர் ஏற்றலாம். இதயத்தில் அது முடியாது. வலப்பக்கம் நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவுதான் இடப்பக்கமும் தள்ள வேண்டும், ஏனென்றால் இது ஒரே சுற்று. இடது பின்தங்கினால் ரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். வித்தியாசம் அழுத்தத்தில்தான்: இடப்பக்கம் 120 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும்போது வலப்பக்கம் 25 பக்கம்தான். அதுவும் உயரத்துக்காக மட்டும் இல்லை, படுத்துக்கொண்டாலும் இடது அதே வேலைதான் செய்கிறது. உடம்பு முழுக்கப் பிரிகிற கோடிக்கணக்கான மெல்லிய குழாய்களின் தடையைத் தாண்டித் தள்ள வேண்டும், நுரையீரலில் அந்தத் தடை ரொம்பக் குறைவு.

ரத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் என் பங்கு. ஆட்டு இதயம் வாங்கும்போது கொஞ்சம் ரத்தமும் வாங்குங்கள், ரத்தப் பொரியலுக்கு வாங்குகிற மாதிரி. ஒரு கண்ணாடி டம்ளரில் வைத்தால் கடல்பாசி மாதிரி கட்டியாகி, ஒரு ராத்திரியில் சுருங்கி, ஓரத்தில் வெளிர்மஞ்சள் தண்ணீர் விடும். வீட்டில் எல்லாரும் பார்த்ததுதான், ஆனால் அந்த மஞ்சள் நீர் என்ன என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ரத்தம் சிவப்பு என்று நாம் சொல்வதெல்லாம் உள்ளே மிதக்கிற சிவப்பணுவால்தான், பாதிக்கு மேல் மஞ்சள் திரவம்.

உறைவது ஏன் முக்கியம் என்று கேட்டால், நம் நாட்டில் அதற்குக் கண்ணாடி விரியனைத் தவிர நல்ல உதாரணம் இல்லை. பர்மியத்தில் ம்வேப்வே. எங்கள் ஊர்ப் பக்கம் அறுப்புக் காலத்தில் வயலில் இறங்குகிறவர்களுக்கு அதுதான் பயம். கடிபட்டு வருகிறவரிடம் முதலில் செய்கிற சோதனைக்கு மெஷின் எதுவும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு ஒரே தடவை சாய்த்துப் பார்ப்போம். கட்டியாகியிருந்தால் மூச்சு வரும். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து உடனே போட வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது, கண்ணாடிப் பரப்பு பட்டால்தான் உறைதல் ஒழுங்காகத் தொடங்கும். என் சித்தப்பாவுக்கு அந்த 20 நிமிடம் நானே நின்று பார்த்திருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாய்த்தபோது ஓடியது. மருந்து போட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பச் சோதித்து, பிழைத்துவிட்டார், சிறுநீரகம் தேறத்தான் கொஞ்ச நாள் ஆனது.

பிள்ளைகளிடம் இதைப் புதிர் மாதிரி கேளுங்கள்: அந்த விஷம் ரத்தத்தை உறையவைக்கிற விஷம். அப்படியானால் ஏன் ரத்தம் உறையாமல் ஓடுகிறது? யோசிக்கவிடுங்கள். விடை, உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் துளித்துளியாக உறையத் தூண்டி, உறைவதற்கு வேண்டிய சரக்கை எல்லாம் தீர்த்துவிடுகிறது. வீட்டில் இருக்கிற மாவையெல்லாம் கண்ட இடத்தில் சிந்தித் தீர்த்துவிட்டு, பசிக்கும்போது ரொட்டிக்கு மாவு இல்லாமல் நிற்பது போல. அப்புறம் ஈறிலிருந்து வருகிற ரத்தம்கூட நிற்காது. கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது, காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

மழைக்காலத்தில் நடத்தினால் டெங்குவையும் விடாதீர்கள். பர்மியப் பெயரிலேயே ரத்தம் இருக்கிறது, துவே-லுன்-தொக்வே. ரத்தம் உறைய உதவுகிற தட்டணு குறைகிறது என்று எல்லாருக்கும் தெரியும், எல்லார் வாயிலும் அந்த எண்ணிக்கைதான். ஆனால் பிள்ளைகளை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் இன்னொன்று: தந்துகிச் சுவர் கசிந்து திரவம் குழாயை விட்டு வெளியே போய்விடுகிறது, உள்ளே ரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் விழுகிறது. அதுவும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான். தந்துகிச் சுவர் ஒரே ஒரு செல் தடிப்பு என்று புத்தகத்தில் ஒரு வரி வருமே, அந்த வரியை இங்கே வைத்து நடத்துங்கள்.


ட்யூஷன்_அக்கா (யாங்கோன்):

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நடத்திவிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாயிடம் முதல் நாளே சொல்லியும் ஒரு இதயத்தில் கீறல் இருந்தது, தகேட்டா அம்மா சொன்னபடி ரெண்டு வாங்கியதால் பிழைத்தேன். தண்ணீர் ஊற்றியதும் தேங்கி நின்றது. நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு பெண் பிள்ளை, "சயாமா, கதவு சாத்தியிருக்கு" என்றாள். கெட்டிப் பக்கம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் சரியாகச் சொன்னார்கள், அதே பிள்ளைகள் படத்தில் இடது எது என்று கேட்டபோது ஐந்து பேர் மறுபடி தப்பு. சட்டையில் தாளைக் குத்திக்கொண்டு நிற்கிற வேலையை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று எழுதியதை எல்லார் நோட்டிலும் அடிக்கச் சொன்னேன். "நீங்கதானே எழுதச் சொன்னீங்க" என்றான் ஒருத்தன். ஆமாம், நான்தான், எனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அடிக்கிற கோட்டை அழுத்தி அழுத்திப் போட்டார்கள். வாத்தியார் அண்ணே, லுத், ப்யன் என்று சொன்னதுமே நுரையீரல் தமனியை யாரும் கேள்வியே கேட்கவில்லை, எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம், விளக்கம் எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

மணிக்கட்டில் நாடி பார்க்கும்போது ஒரு சின்ன விஷயம் கண்டுபிடித்தோம். சப்பாத்தி மாவைப் பட்டாணி அளவு உருட்டி, அதில் ஒரு தீக்குச்சியைக் குத்தி, நாடி அடிக்கிற இடத்தில் ஒட்டிவைத்தால் குச்சி துடிப்புக்குத் துடிப்பு தலையாட்டுகிறது. தூரத்தில் இருந்தே எண்ணலாம். மாடிப்படியில் ரெண்டு தடவை ஏறி இறங்கவிட்டு மறுபடி வைத்தபோது குச்சிகள் ஆடிய ஆட்டத்தில் பாதி வகுப்பு சிரித்தே முடிந்தது.

முதல் நாள் கேள்வி கேட்ட பையன் வீட்டுக்குப் போய் அவன் ஆயாவைத் திருத்தியிருக்கிறான். அவர் "நரம்பு ஊசி போட்டாங்க" என்றதும், "ஆயா, அது நரம்பு இல்லை, சிரை" என்று. "சிரைக்கிறதுக்கு நான் என்ன பார்பர் கடைக்கா போனேன்" என்று ஆயா கேட்டாராம். வாத்தியார் அண்ணே, இதற்கு வேறு சொல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த பாடம் சிறுநீரகம், பாயிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.


மௌலமைன்_வாத்தியார்:

ஆயாவிடம் திரும்புங்குழாய் என்று சொல்லச் சொல். சிறுநீரகம் வாங்கும்போது மேலே ஒட்டியிருக்கிற கொழுப்பை எடுக்க வேண்டாம் என்று பாயிடம் சொல், அதற்குள்தான் குழாய்கள் இருக்கும்.